இடுப்பு உயரத்தில், இரண்டு விரல் அகலம்

என் அப்பா ஓஸ்வால்ட் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே பரிசு ஒரு மரம்.

எட்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் பங்குத் திருவிழாவில் குலுக்கல் நடந்தது. முதல் பரிசு மிக்ஸி. இரண்டாம் பரிசு பிரஷர் குக்கர். ஆறுதல் பரிசு, கறுப்பு பிளாஸ்டிக் பையில் முழங்கை உயரத்துக்கு ஒரு செடி. மைக்கில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டபோது, வேறு ஓஸ்வால்ட் யாராவது எழுந்திருக்கிறாரா என்று அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு மேடையேறி, மிக்ஸி வாங்கியவரைவிட அதிக நேரம் ஃபாதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் போட்டோ இன்னும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. ஃபாதர் அப்பாவைப் பார்க்கிறார், அப்பா ஃபாதரைப் பார்க்கிறார், செடி மட்டும் கேமராவைப் பார்க்கிறது.

என்ன செடி என்று கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு மண் உண்டு. அம்மா அதைத் தோட்டம் என்பாள். துவைக்கிற கல், தண்ணீர் டிரம், சக்கரமில்லாத என் சைக்கிள் எல்லாம் போக மிச்சமிருந்த தோட்டத்தில் அப்பா அதை நட்டார். ஒரு வருஷம் அதைச் சப்போட்டா என்று நம்பினோம். அடுத்த வருஷம் துளிரெல்லாம் செக்கச்செவேலென்று வந்ததும் மாமரம் என்று முடிவாகி, அம்மா ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் காயவைத்தாள். கடைசியில், மெட்ராஸ் ரோட்டோரம் தள்ளுவண்டியில் குஸ்கா விற்கிற எதிர்வீட்டு பாஞ்சாலி அக்காதான் ஒரு நாள் போகிற போக்கில் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தார்.

"அண்ணா! இன்னாத்துக்குண்ணா இத்த மாமரம்ன்றீங்க? இது பட்டை மரம். பிரியாணிக்குப் போடுற பட்டை. மோந்து பாருங்க, கறி மட்டும்தான் பாக்கி!"

அப்பா மோந்து பார்த்தார். அன்றிலிருந்து அவர் வேறு ஆள்.

தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கட்டிடத்தில் ஏசி பராமரிப்பது அவர் வேலை. நாள் முழுக்க அடுத்தவர்களுக்குக் குளிர் ஏற்பாடு செய்துவிட்டு வியர்வையோடு வீட்டுக்கு வருவார். வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே மரத்தைத் தொட்டுப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் இலையைக் கசக்கி மோந்து, "ஆஹா" என்று சொல்லும்வரை காபி வெளியே வராது. ஜலதோஷக்காரர்கள் எங்கள் வீட்டில் காபி குடித்ததே இல்லை.

மரம் ஆள் உயரம் தாண்டி வளர்ந்ததும் அப்பா தெருவுக்கே அறிவித்தார்: "பட்டை வேணும்னா யாரும் கடைக்குப் போவாதீங்க. கேட்டு திறந்துதான் இருக்கு. ஆனா ரெண்டு ரூல். ஒண்ணு, இடுப்பு உயரத்துல எடுக்கணும், அங்கதான் பட்டை நல்லா தடிப்பா இருக்கு. ரெண்டாவது, ஒருத்தர் எடுத்த எடத்துல இன்னொருத்தர் கை வெக்கக் கூடாது. ஏற்கெனவே நோவுற எடம். புது எடமா பார்த்து, ரெண்டு விரல் அகலம் எடுத்துக்கோங்க."

ஜோகுபாளையத்தில் ஒன்வே போர்டு உட்பட எந்த விதியையும் யாரும் மதித்து நான் பார்த்ததில்லை. இந்த விதியை மட்டும் எல்லோரும் அணுவளவும் பிசகாமல் மதித்தார்கள். பாஞ்சாலி அக்கா குஸ்காவுக்கு எடுத்தார். பக்கத்து வீட்டுத் தச்சர் கிருஷ்ணப்பா பல்வலிக்கு எடுத்தார். கோடி வீட்டு முத்தம்மா சுகருக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வெந்நீரில் போட்டுக் குடிக்க எடுத்தார். எடுத்த ஒவ்வொருவரும் அப்பாவிடம் வந்து, "நல்ல பட்டைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தைக்காக அப்பா மரத்தையே வேரோடு கொடுத்திருப்பார்.

போன வருஷக் கடைசியில் என் அக்கா நிக்கோலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை க்ளென், தொம்மலூர்க்காரர், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. மெஷினுக்குள் கண்ணை வைக்கச் சொல்லி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வெளியே வந்தால் அவருக்குப் பேச்சு தீர்ந்துபோயிருக்கும். அப்பாவிடம் அவர் மொத்தமே மூன்று விஷயங்கள்தான் பேசியிருந்தார்: "ஆமா அங்கிள்", "சரி அங்கிள்", "போதும் அங்கிள்". மூன்றாவது சாப்பாட்டைப் பற்றியது.

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அப்பா எழுந்து நின்று சொன்னார்: "எம்பொண்ணு கல்யாண பிரியாணிக்கு நம்ம மரத்துப் பட்டைதான். கடைப் பட்டை ஒரு துண்டு உள்ள வரக் கூடாது."

"சரி அங்கிள்" என்றார் க்ளென்.

கல்யாணம் ஈஸ்டர் முடிந்து மே மாதம். தவக்காலம் ஆரம்பித்தபோது மரம் மஞ்சளாகத் தொடங்கியது.

முதலில் உச்சியில் நாலைந்து இலை. என்றைக்கும் பச்சையாகவே நிற்கிற மரம் அது. ஒரு மஞ்சள் இலை தெரிந்தாலே அப்பாவுக்குக் காய்ச்சல் மாதிரி. பிறகு கொத்துக் கொத்தாய் உதிர ஆரம்பித்தது. அப்பா வைத்தியத்தில் இறங்கினார். முட்டை ஓடு போட்டார், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினார், காபித்தூள் சக்கை போட்டார். குழாயில் வருகிற காவேரித் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்று, ஆபீஸில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கேனில் பிடித்து ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். இந்திராநகர் சிக்னலில் போலீஸ் நிறுத்தி, கேனில் என்ன என்று கேட்டபோது, "மரத்துக்கு டிரிப்ஸ் சார்" என்றிருக்கிறார். அம்மா தன் பங்குக்குக் கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தாள். மரம் எல்லா மரியாதையையும் ஏற்றுக்கொண்டு தொடர்ந்து உதிர்ந்தது.

நான் ஒரு நாள், "விடுங்கப்பா, நர்சரில இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

அவர் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "வாங்கலாம்டா. ஆனா அது வாங்கினது. ஆயுசுல ஒரே ஒரு தடவை எம்பேரை மைக்ல கூப்ட்டாங்க. அதுக்கு சாட்சி இது. பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி இது போச்சுன்னா..." அவர் மறுபடி கூட்டத் தொடங்கினார். எனக்கு அதற்குமேல் நக்கல் வரவில்லை. துடைப்பத்தை வாங்கிக் கூட்டினேன்.

அடுத்த ஞாயிறு க்ளென் சாப்பிட வந்தார். கை கழுவத் தோட்டத்துக் குழாய்க்குப் போனவர் வெகு நேரம் திரும்பவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார். சாப்பிட்டார். "போதும் அங்கிள்" சொன்னார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, எங்கள் குடும்ப வரலாற்றிலேயே தன் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னார்.

"அங்கிள், மரத்தை வெட்டிடணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"மௌரீன், இது நம்ம மாப்பிள்ளைதானே? இல்ல டெவலப்பர் அனுப்பின ஆளா?"

"அப்பா, அவர் சொல்றதைக் கேளுங்க" என்றாள் அக்கா.

"என்னத்தக் கேக்குறது? வீட்டுக்குள்ள இன்னும் சரியா காலு வெக்கல. மரத்தை வெட்டுங்குறாரு. கல்யாணம் முடிஞ்சா என்னை எங்க அனுப்புறதா பிளான்?"

க்ளெனுக்கு நெற்றி வேர்த்தது. ஆனால் பின்வாங்கவில்லை. "போன வாரமே பார்த்தேன் அங்கிள். சொல்ல தைரியம் வரல. போட்டோ எடுத்துக்கினு போய் லால்பாக் கிட்ட ஒரு நர்சரில காமிச்சேன். கொஞ்சம் வாங்க, காட்டுறேன்."

எல்லோரும் வரிசையாக, பக்கவாட்டில், தோட்டத்துக்குள் போனோம். மரத்தின் முன்பக்கம் சின்னச் சின்னக் காயங்கள் இருப்பது எங்களுக்குத் தெரியும். சுவர்ப்பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. க்ளென் போனில் டார்ச் அடித்தார். இடுப்பு உயரத்தில், மரத்தைச் சுற்றி, பெல்ட் போட்டதுபோல் ஒரு வளையம். பட்டையே இல்லை. வெறும் கட்டை காய்ந்து தெரிந்தது.

"இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாதான் அங்கிள் வேருக்கு எறங்கும். ஒரு பக்கம் பட்டை இருந்தாலும் சமாளிக்கும். சுத்தி எடுத்துட்டா வேர் பட்டினி. நீங்க ஊத்துற தண்ணி மேல போவுது, சாப்பாடு கீழ வரல."

அப்பாவின் முகம் மாறியது. "எவன் வேலைடா இது?"

அதற்கப்புறம் நடந்ததை விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா கேட்டருகே நின்று குரல் கொடுத்தார். பாஞ்சாலி அக்கா கரண்டியோடு வந்தார். கிருஷ்ணப்பா மரத்தூளோடு வந்தார். முத்தம்மா மெதுவாக வந்தார். விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த பட்டையை எடுத்துவந்தார்கள், தாங்கள் எடுத்தது எவ்வளவு கொஞ்சம் என்று காட்ட.

"நா எடுத்தது இம்மாத்துண்டுதாண்ணா" என்றார் பாஞ்சாலி அக்கா. "நீங்க சொன்ன மேரியே, இடுப்பு உயரம், ரெண்டு விரலு, யாரும் கை வெக்காத எடம். எங்க எடுத்தேன்னு கூட ஞாபகம் கீது, இதோ." துண்டை மரத்தில் வைத்துக் காட்டினார். கனகச்சிதமாகப் பொருந்தியது.

"பாஞ்சாலி எடுத்த எடத்தை நான் தொடவே இல்ல" என்றார் கிருஷ்ணப்பா, கன்னட வாசனையுள்ள தமிழில். "சும்னே பழி போடாதீங்க ஓஸ்வால்ட். நான் அவங்களுக்குப் பக்கத்துல, நீட்டா, ஒட்டி எடுத்தேன். நோவுற எடத்தை நோவடிக்கக் கூடாது பாருங்க." அவருடைய துண்டும் பொருந்தியது. தச்சர் அல்லவா, மூட்டே தெரியவில்லை.

"நானு பின்பக்கம்பா" என்றார் முத்தம்மா. "முன்னாடி எல்லாரும் எடுத்துட்டாங்கன்னு பாவப்பட்டு, கல்லு மேல குந்திக்கினு, பின்னால கை வுட்டு எடுத்தேன்."

வளையம் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் காலி. அப்பா அந்த இடத்தைத் தொட்டார்.

"இது யாரு? இது ஒண்ணு இருந்திருந்தா பொழைச்சிருக்கும். யாரு எடுத்தது?"

அம்மா உள்ளே போனாள். அஞ்சறைப் பெட்டியோடு வந்தாள். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காலி இடத்தில் வைத்தாள்.

"கிறிஸ்மஸ் கேக்குக்கு" என்றாள். "நீங்கதானே சொன்னீங்க, யாரும் எடுக்காத எடமா பார்த்து எடுன்னு. சுத்திச் சுத்திப் பார்த்தேன். அந்த ஒரு எடம்தான் இருந்துச்சு."

அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அவர் உதடு அசைவது தெரிந்தது. இடுப்பு உயரம், புது இடம், இரண்டு விரல் என்று தன் விதிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறார் என்று புரிந்தது. தெருவில் யாரும் அதில் ஒன்றைக்கூட மீறியிருக்கவில்லை. அவ்வளவு மரியாதையான ஜனங்கள். மரியாதை தாங்காமல்தான் மரமே அந்த நிலைக்கு வந்திருந்தது.

"திருட்டுத்தனமா ஒரே எடத்துல பிய்ச்சிருந்தா மரம் நல்லா இருந்திருக்கும் இல்ல?" என்று அப்பா கடைசியில் கேட்டார்.

"ஆமா அங்கிள்" என்றார் க்ளென்.

பாஞ்சாலி அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கரண்டியால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அம்மா. பிறகு அப்பாவே சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், எதற்காகத் துடைத்தார் என்று நாங்கள் ஆராயவில்லை.

க்ளென் மண்டியிட்டு, வளையத்துக்குக் கீழே அடிமரத்தைக் காட்டினார். தரையை ஒட்டி, குண்டூசித் தலை அளவில், சிவப்பாக இரண்டு மொட்டு. "மேல இருக்கிறது எப்படியும் போயிடும். கீழ வேரு இன்னும் உசுரோட இருக்கு. வேர்ல மிச்சமிருக்கிற தெம்பு தீர்றதுக்குள்ள வெட்டினா, பக்கத்துலேருந்து துளுக்கும். பட்டைக்காக வளக்கிறவங்க எப்பவுமே இப்பிடி வெட்டிதான் வளப்பாங்களாம்."

"நிச்சயமா துளுக்குமா?"

"நிச்சயம் இல்ல அங்கிள். வுட்டா போறதுதான் நிச்சயம்."

பொய் சொல்லியிருந்தால் அப்பா ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை நாள் குறித்தோம். கிருஷ்ணப்பா ரம்பம் கொண்டுவந்து, அதற்குக் குங்குமம் வைத்தார். அம்மா மரத்துக்குத் தீர்த்தம் தெளித்தாள். இரண்டு பக்கமும் பாதுகாப்பு பலமாக இருந்தது. எங்கே, எப்படி அறுப்பது என்று அப்பா கேட்டபோது கிருஷ்ணப்பா கையை விரித்தார்: "நம்மகிட்ட வர்றது எல்லாம் செத்த மரம்தான். உசுரு இருக்கிறது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல."

அப்பா ரம்பத்தை அடிமரத்தில் வைத்தார். எடுத்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி வைத்தார். எடுத்தார். பிறகு திரும்பி, ரம்பத்தைக் க்ளெனிடம் நீட்டினார்.

"இந்தா மாப்ளே. நீயே பண்ணு. மெதுவா."

க்ளெனை நேராக 'மாப்ளே' என்று அவர் அதுவரை கூப்பிட்டதில்லை. அக்கா என் கையைக் கிள்ளினாள், வலிக்கும்படி. க்ளென் ஜாக்கிரதையாக, மொட்டுகளுக்கு ஒரு சாண் மேலே, வளையத்துக்குக் கீழே அறுத்தார். நேராக அறுக்கவில்லை. கிருஷ்ணப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், தொழில் பக்தி.

மரம் சாயும்போது முத்தம்மாவும் பாஞ்சாலி அக்காவும் அப்பாவும் நானும் தாங்கிப் பிடித்து, கேட்டு வழியாகத் தூக்கிப்போய், குழந்தையை இறக்குவதுபோல் தெருவில் இறக்கினோம். அப்புறம் தெருவே உட்கார்ந்து பட்டை உரித்தது. பாஞ்சாலி அக்காவின் சப்பாத்திக் கட்டையால் தேய்த்துத் தேய்த்து, மேல்தோலைச் சுரண்டி, கத்தி நுழைத்து எடுத்தோம். நோயாளி மரம், சுருள் சுருளாக வரவில்லை. சிம்பு சிம்பாகத்தான் வந்தது. ஆனால் வாசனை அல்சூர் வரைக்கும் போயிருக்கும். டெலிவரிப் பையன்கள் வண்டியை நிறுத்தி, எந்த வீட்டில் பிரியாணி என்று விசாரித்தார்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில், பழைய பெட்ஷீட்டில் காயப்போட்டோம். அப்பா லீவு போட்டுக் காகம் விரட்டினார். காகம் பட்டை தின்னாது என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும், நீ போய்ப் படி" என்றார்.

உரித்த மரம் வழவழவென்று வெளிர் மஞ்சளாக, கைப்பிடி கனத்தில், ஆள் உயரத்துக்கு மேல் நீளமாகக் கிடந்தது. அதை என்ன செய்வது என்று அப்பாதான் சொன்னார். பந்தக்காலுக்கு ஷாமியானாக்காரர் பச்சைப் பெயின்ட் அடித்த சவுக்குக் கட்டை கொண்டுவருவார், ஊரில் எல்லாக் கல்யாணத்துக்கும் அதே கட்டை, அதே பெயின்ட். "எம்பொண்ணுக்கு இதான் பந்தக்கால்" என்றார் அப்பா. மாவிலை கட்டி, மஞ்சள் தடவி, வாசலில் நட்டபோது மரம் கடைசித் தடவையாக எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அக்கா அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பினாள்.

பிரியாணி மாஸ்டர் ஒரு துண்டை மென்று பார்த்து, "வாசனை மெல்லிசா இருக்கே, கடைப் பட்டையும் கொஞ்சம் சேர்க்கட்டா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேலே பார்த்தேன். அதற்கு மேல் என்ன நடந்தது என்று அப்பா கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை.

ரிசப்ஷனில் கேக் வெட்டி முடிந்ததும் மைக்கில், "மணப்பெண்ணின் தந்தை திரு. ஓஸ்வால்ட் அவர்கள் நன்றி கூறுவார்" என்றார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார், வேறு ஓஸ்வால்ட் யாராவது எழுந்திருக்கிறாரா என்று. இல்லை. மேடையேறினார். அக்கா எழுதிக்கொடுத்த பேப்பரைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க சாப்புட்ட பிரியாணில இருக்கிறது எங்க வீட்டு மரம். என் மரத்தைச் சுத்திச் சுத்திப் பட்டை உரிச்ச பாஞ்சாலி, கிருஷ்ணப்பா, முத்தம்மா, என் வொய்ஃப் மௌரீன், எல்லாருக்கும் நன்றி. அறுத்தது என் மாப்பிள்ளை. அவருக்கு ரொம்ப நன்றி."

மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் பிளேட்டைக் கீழே வைத்தார்கள். மிச்சப் பேர் கைதட்டினார்கள். பாஞ்சாலி அக்கா பின்வரிசையில் எழுந்து நின்று விசில் அடித்தார்.

"கேட்டா குடுக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. வந்து கேக்க நீங்க இருந்தீங்க" என்றார் அப்பா. அதோடு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நக்கலுக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

கல்யாணம் முடிந்தும் அடிமரம் அசையாமல் இருந்தது. மொட்டு இரண்டும் அப்படியே. அப்பா ஏசித் தண்ணீர் ஊற்றினார். க்ளென் தினமும் போன் செய்து, அப்பாவின் உடம்பைப் பற்றி அவரிடமும் மரத்தைப் பற்றி என்னிடமும் விசாரித்தார். போன் செய்ததே மரத்துக்காகத்தான், எனவே முதல் கேள்வி வெறும் மரியாதை.

ஜூன் மழை இரண்டாவது தடவை பெய்த காலையில் அப்பா ஹெல்மெட்டோடு தோட்டத்துக்குள் நின்று கத்தினார். திருடன் என்று நினைத்து ஓடினோம். அடிமரத்தைச் சுற்றி, செக்கச்செவேலென்று, பளபளப்பாக, ஐந்து துளிர். இரண்டு விரல் நீளம் இருக்கும்.

அன்று அப்பா ஆபீஸுக்குத் தாமதமாகத்தான் போனார். கல்யாணக் கார் அலங்கரித்த ரிப்பனில் மிச்சமிருந்ததை எடுத்துவந்து, துளிர்களுக்கு அருகே ஐந்து குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டினார். தெருவைக் கூப்பிட்டார்.

"இது பாஞ்சாலிக்கு. இது கிருஷ்ணப்பாவுக்கு. இது முத்தம்மா. இது மௌரீன். இது மாப்பிள்ளைக்கும் நிக்கோலுக்கும். பெருசானா அவங்கவங்க கிளையை அவங்கவங்க அடியோட வெட்டிக்கலாம். அது திரும்பத் துளுக்கும். யாரும் இனிமே அடுத்தவங்களுக்காகப் பாவப்பட வேணாம்."

"உங்களுக்குண்ணா?" என்று கேட்டார் பாஞ்சாலி அக்கா.

"எனக்கு எதுக்கு? எல்லாம் சேர்ந்தா என் மரம்தானே."

எனக்கும் ஒன்றும் ஒதுக்கவில்லை. ஏசித் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்தது. தினமும் காலையில் பக்கவாட்டில் போய், ஐந்துக்கும் சமமாக ஊற்றுகிறேன். பாஞ்சாலி அக்காவின் துளிருக்கு மட்டும் கொஞ்சம் அதிகம். கறியில்லாத குஸ்காதான், ஆனால் எனக்கு மட்டும் நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் போடுகிறார்.